சப்பைத் தண்ணீர் ஊரில் அசேலியா வளர்க்கும் முறை

உதகைக்கோ ஏற்காட்டுக்கோ சென்று திரும்பும் கொங்கு நாட்டுக் குடும்பங்களில் பலர், வண்டியின் பின்புறத்தில் பூத்துக் குலுங்கும் ஓர் அசேலியாத் தொட்டியையும் ஏற்றிக்கொண்டுதான் மலையிறங்குகிறார்கள். இலையே தெரியாத அளவுக்கு இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்த அந்தச் செடி, கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ வாசலுக்கு வந்த இரண்டு மூன்று மாதங்களில் இலை வெளுத்து, ஓரம் கருகி, வெறுங்குச்சியாக நின்றுவிடுகிறது. நம் ஊர் வெயிலுக்கு இது தாங்காது என்று சொல்லி, அந்தத் தொட்டியில் துளசியை நட்டுவிடுகிறோம்.

அந்த முடிவு பாதிதான் சரி. நான் முதன்முதலில் வளர்த்த அசேலியாவும் இப்படித்தான் போயிற்று. காய்ந்த செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது, நான் சுற்றிலும் போட்டிருந்த செம்மண் சேறாக நனைந்திருந்தது. ஆனால் நர்சரியிலிருந்து வந்த பழைய வேருருண்டையோ, நடுவில் பொடிப் பொடியாக உதிரும் அளவுக்கு உலர்ந்து கிடந்தது. தலைமயிரைவிட மெல்லிய வேர்கள் அந்த உருண்டையின் விளிம்போடு நின்றிருந்தன. ஒரு விரற்கடை தூரம்கூடச் செம்மண்ணுக்குள் நுழையவில்லை. தொட்டியின் உள்விளிம்பில், குளியலறைக் குழாயில் படிவதைப் போலவே ஒரு வெள்ளைப் படிவு வளையமாக இருந்தது. அது கார்த்திகை மாதம், வெயிலே இல்லை. செடியைக் கொன்றது நான் அன்றாடம் அன்போடு ஊற்றிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான், சுண்ணாம்பு மிகுந்த சப்பைத் தண்ணீர்தான், என்பது அப்போது புரிந்தது. ஆகவே, புதிதாக அசேலியா வளர்க்க விரும்புகிறவர்கள் நிழலைப் பற்றி யோசிப்பதற்கு முன் தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதையே இந்தக் கட்டுரையின் முதல் வேண்டுகோளாக வைக்கிறேன்.

செடியின் இயல்பு

அசேலியா ரோடோடென்ட்ரான் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளின் உச்சிச் சோலைகளில் செந்நிறக் கொத்துகளாகப் பூக்கும் காட்டுப்பூவரசு இதற்கு நெருங்கிய உறவு. காட்டுப்பூவரசு மரமாக வளரும்; தொட்டிகளில் நாம் வாங்கும் அசேலியா புதராக நிற்கும். 'இந்திய அசேலியா' என்று ஒரு பிரிவுக்குப் பெயர் இருந்தாலும், அதன் மூதாதைச் செடி சீனாவையும் அதைச் சுற்றியுள்ள கிழக்காசிய மலைப்பகுதிகளையும் சேர்ந்தது. பெயரைப் பார்த்து இது நம் மண்ணுக்கு உரியது என்று எண்ணிவிட வேண்டாம்.

இந்தக் குடும்பத்துச் செடிகள் அமில மண்ணில் பிறந்து வளர்ந்தவை. மண்ணின் கார அமில நிலை (பி.எச்.) 4.5 முதல் 6 வரை இருந்தால் அவற்றுக்கு நிறைவு. தேயிலைக்கும் ஏறத்தாழ இதே மண்தான் வேண்டும். குன்னூரிலும் வால்பாறையிலும் தேயிலை செழிக்கும் மண்ணில் அசேலியாவும் தானாகச் செழிப்பதற்கு இதுவே காரணம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து எவ்வளவு இருந்தாலும், அது கரையாத வடிவத்தில் கட்டுண்டு கிடப்பதால், செடியின் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. உடனே இளந்தளிர்கள் வெளுக்கின்றன; நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகிறது. சுக்கான் என்னும் சுண்ணாம்புக்கல் உள்ள காட்டில் நிலக்கடலை வெளுத்து நிற்பதைப் பார்த்திருக்கும் நம் விவசாயிகளுக்கு இந்த அறிகுறி புதிதல்ல.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் அசேலியா வளர்ப்பது பற்றி எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் தென்மாநிலங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே கோடை நம் கோடையைப் போலவே புழுக்கமானதுதான். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தென்கரோலினா போன்ற இடங்களில் பெரிய இலை கொண்ட அசேலியா வகைகள் திறந்தவெளியில் பெரிய புதர்களாக வளர்ந்து பூக்கின்றன. ஆனால் அந்த மண் இயல்பாகவே அமில மண்; குளிர்காலத்தில் உறைபனியும் உண்டு. நமக்கு அந்த இரண்டுமே இல்லை. எனவே அந்தக் குறிப்புகளில் உள்ள நிழல், மூடாக்கு (மண்ணின் மேல் பரப்பும் சருகு), நீர்ப்பாசனம் பற்றிய அறிவுரைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 'குழி தோண்டி நடுங்கள்' என்ற அறிவுரையை மட்டும் சமவெளியில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. கொங்குச் சமவெளியில் அசேலியா தொட்டிச் செடி மட்டுமே.

முதல் வேலை: தண்ணீர்

நம் பக்கத்தில் நல்ல தண்ணீர், சப்பைத் தண்ணீர் என்று தண்ணீரை இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். துவரம்பருப்பு எந்தத் தண்ணீரில் குழைய வேகாதோ, எந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காதோ, அந்தத் தண்ணீர் அசேலியாவுக்கு ஆகாது. இரண்டுக்கும் காரணம் தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்புதான். கருவி வைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சிறிய டி.டி.எஸ். மீட்டர் ஒன்றையும், பி.எச். தாள் ஒரு கட்டையும் வாங்கிக்கொள்ளலாம். கரைந்த உப்பு லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. இன்னும் திருத்தமாக அறிய வேண்டுமானால், கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ மாவட்டத்து மண் பரிசோதனை நிலையத்திலோ மண்ணையும் பாசன நீரையும் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

நமக்குக் கிடைக்கக்கூடிய நல்ல தண்ணீர் எவை என்று பார்ப்போம். மழைநீர் முதலிடம் பெறுகிறது. 100 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 90 லிட்டர் தண்ணீர் இறங்கும். ஐப்பசி மழையில் இரண்டு நல்ல மழைக்கே ஒரு 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் ஏறக்குறைய நிரம்பிவிடும். ஒரு தொட்டிக்குக் கோடையில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் என்று கணக்கிட்டால், அந்த ஒரு பீப்பாய் இரண்டு தொட்டிகளை மூன்று மாதங்கள் காப்பாற்றும். முதல் மழையின் தண்ணீரைத் தூசியோடு ஓடவிட்டு, அடுத்ததைப் பிடியுங்கள். கொசு முட்டையிடாதபடி வாயை நெருக்கமான வலைத்துணியால் கட்டி மூடுங்கள். சிமென்ட் தொட்டியில் சேமிக்க வேண்டாம், ஏனெனில் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மழைநீரையும் சப்பையாக்கிவிடும்.

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகள் பேறு பெற்றவை. அது மென்மையான நீர். குளோரின் வாடை அடித்தால், அகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு மறுநாள் ஊற்றலாம். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அதில் வடிந்து வரும் குடிநீரைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரில் உப்பு முழுவதும் சேர்ந்திருப்பதால், அதைச் செடிக்கு ஊற்றுவது சப்பைத் தண்ணீரைவிடக் கேடானது. பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு வழியும் உண்டு. ஏசியிலிருந்து வெளியே சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உருவானது என்பதால், அதில் சுண்ணாம்பும் உப்பும் இல்லை. சித்திரை வெயிலில் பீப்பாய் காலியாகும் நேரத்தில்தான் ஏசியும் அதிகம் ஓடும். அந்தக் குழாயின் கீழ் ஒரு வாளி வைத்தால் போதும்.

வேறு வழியே இல்லாமல் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்ற நேரும் நாட்களும் வரும். மளிகைக் கடைகளில் லெமன் சால்ட் என்ற பெயரில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை 10 லிட்டருக்கு 2 கிராம் என்ற அளவில் கரைத்து, பி.எச். தாளில் 6 காட்டும் வரை சிறிது சிறிதாகக் கூட்டலாம். இது அவசரத்துக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு மட்டுமே. இந்த அமிலத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்த்ததும் காரத்தன்மையில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். தண்ணீரிலுள்ள மற்ற உப்புகளை இது நீக்குவதும் இல்லை. எலுமிச்சைச் சாறு, வினிகர் ஆகியவற்றை வாரந்தோறும் ஊற்றும் முறைக்கும் இதே குறை உண்டு.

இடம்

தண்ணீர் உறுதியான பிறகு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை ஒன்பதரை, பத்து மணி வரை இளவெயில் படக்கூடிய, அதற்குமேல் சல்லடை நிழல் விழக்கூடிய கிழக்குப் பக்கம் சிறந்தது. வேம்பு, புங்கன் போன்ற மரங்களின் நிழல் பொருத்தமானது. முருங்கையின் நிழல் மெல்லியதாக இருந்தாலும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சிகள் இறங்கும் என்பதால் அதன் அடியில் வைக்கத் தயங்குவேன். தென்னந்தோப்பில் மட்டை விழும் அபாயத்தைத் தவிர வேறு குறையில்லை. மரம் இல்லாதவர்கள் 50 விழுக்காட்டு நிழல்வலையைச் செடிக்கு மேலே குறைந்தது நான்கடி உயரத்தில் கட்டினால், வலைக்கு அடியில் புழுக்கம் தேங்காது. மேற்குச் சுவரை ஒட்டி வைப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். பிற்பகல் வெயிலில் சூடேறிய சுவர் இரவு வெகுநேரம் வரை அந்தச் சூட்டைச் செடியின் மேல் உமிழ்ந்துகொண்டே இருக்கும்.

கொங்கு நாட்டுக்கே உரிய இன்னொரு பகை காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி இறுதி முதல் ஆவணி வரை வீசும் மேல்காற்று நமக்கு இதமாக இருந்தாலும், அசேலியாவின் இலைகளிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, ஒரே பகலில் தொட்டியை உலர்த்திவிடும். மொட்டைமாடியில் வளர்ப்பவர்களும், பல்லடம், சூலூர், உடுமலைப்பேட்டைப் பக்கம் திறந்த வெளியில் வீடு கட்டியிருப்பவர்களும் மேற்குப் பக்கத்தில் தட்டியோ, வேறு செடிகளின் வரிசையோ வைத்துக் காற்றைத் தணிக்க வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் நிலைமை வேறு. அங்கே ஈரப்பதம் மிகுதி என்பதால் செடிகளை நெருக்கி வைக்காமல், இடையில் காற்று நுழையும்படி இரண்டடி இடைவெளி விடுவதே முக்கியம்.

இடம் தேர்ந்தெடுக்கும்போதே நினைவில் கொள்ள வேண்டிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. அசேலியாவின் இலை, பூ, தண்டு, தேன் அனைத்திலும் நஞ்சு இருக்கிறது. ஆடு மாடுகள் கொஞ்சம் கடித்தாலும் வாயில் நுரை தள்ளித் தள்ளாடும். மிகுதியாகத் தின்றால் உயிருக்கே ஆபத்து. பட்டியும் கட்டுத்தறியும் உள்ள தோட்டத்து வீடுகளில் ஆட்டுக்கு எட்டாத இடத்தில்தான் இதை வைக்க வேண்டும். கவாத்து செய்த கிளைகளைத் தீவனக் குப்பையோடு போடக் கூடாது. தவழும் குழந்தைகள் உள்ள வீட்டிலும் இதே கவனம் தேவை.

தொட்டியும் கலவையும்

பத்து முதல் பன்னிரண்டு அங்குல வாயுள்ள, ஆழம் குறைந்து அகலம் மிகுந்த மண்தொட்டி ஏற்றது. அசேலியாவின் வேர்கள் ஆழமாக இறங்காமல் மேல்மட்டத்திலேயே படரும். மண்தொட்டியின் பக்கச் சுவர்கள் வழியாக ஈரம் ஆவியாவதால், பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல வேர்ப்பகுதியும் குளிர்ந்திருக்கும். கறுப்பு நிற பிளாஸ்டிக் தொட்டியும் நாற்றுப்பையும் வெயில் பட்டால் கொதித்துவிடும். சிமென்ட் தொட்டியை இந்தச் செடிக்கு அறவே பயன்படுத்தக் கூடாது. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். அடித்துளை ஒன்றுதான் இருந்தால் இன்னும் இரண்டு போட்டு, தொட்டியை மூன்று செங்கல் துண்டுகளின் மேல் நிறுத்துங்கள்.

கலவைக்கு நம் ஊரிலேயே நல்ல பொருள் இருக்கிறது. பொள்ளாச்சி வட்டாரக் கயிற்றுத் தொழிற்கூடங்களில் கிடைக்கும் தென்னை நார்க்கழிவு இயல்பாகவே மிதமான அமிலத்தன்மை உடையது. ஆனால் அதில் உப்பு இருக்கும். கழுவாமல் பயன்படுத்தினால் மெல்லிய வேர்கள் கருகிவிடும். கட்டியை அகன்ற தொட்டியில் ஊறவைத்து, ஓர் இரவு கழித்துப் பிழிந்து, பழுப்பு நிறத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீண்டும் ஊறவைக்க வேண்டும். முதல் இரண்டு கழுவல்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் போன்ற ஓரளவு நல்ல தண்ணீரும், கடைசிக் கழுவலுக்கு மழைநீரும் பயன்படுத்தினால், மழைநீர் வீணாகாது. பிழிந்த தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்து, ஊற்றிய தண்ணீரின் அளவை அது நெருங்கும் வரை கழுவுங்கள். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு கழுவல்கள் தேவைப்படும்.

இப்படிக் கழுவிய நார்க்கழிவு இரண்டு பங்கு, விரல்நுனி அளவு நறுக்கிக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டுகள் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். மட்டைத் துண்டுகள் காற்றோட்டத்துக்காக. அவை இல்லாமல் நார்க்கழிவை மட்டும் நிரப்பினால் ஆறு மாதத்தில் கலவை அமுங்கி வேர் மூச்சுத் திணறும். மணலைச் சேர்ப்பதற்கு முன் அதன்மேல் சிறிது வினிகரோ, கழிவறை கழுவும் அமிலமோ சொட்டிப் பாருங்கள். புசுபுசுவென்று நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். அந்த மணல் வேண்டாம். தோட்டத்துச் செம்மண்ணையும் இப்படியே சோதிக்கலாம், ஆனால் நுரைக்காத செம்மண்ணாக இருந்தாலும் நான் சேர்ப்பதில்லை. கலவையின் கார அமில நிலை 6க்கு மேல் இருந்தால், உரக்கடையில் நனையும் கந்தகம் என்று கிடைக்கும் தூளை ஒரு தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி கலந்து, ஈரமாக வைத்து, நான்கு வாரங்கள் கழித்து மீண்டும் சோதியுங்கள். நுண்ணுயிர்கள் கந்தகத்தை அமிலமாக மாற்றுவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கும்.

அடுப்புச் சாம்பல், முட்டையோட்டுத் தூள், எலும்புத்தூள், சுண்ணாம்பு அடித்த சுவரை இடித்த மண் ஆகிய எதுவும் இந்தத் தொட்டிக்குள் போகக் கூடாது. மற்ற செடிகளுக்கு நாம் பாசத்தோடு போடும் பொருள்கள்தான் இவை. அசேலியாவுக்கு இவை பகை.

வாங்குதலும் நடுதலும்

வாங்க ஏற்ற காலம் புரட்டாசி இறுதியும் ஐப்பசியும். அப்போது நட்டால், வடகிழக்குப் பருவமழையும் அதன்பின் மார்கழி, தை மாதக் குளிரும் சேர்ந்து, பங்குனி வெயில் தொடங்குவதற்குமுன் வேர் பிடிக்க நான்கு மாதங்களுக்கு மேல் அவகாசம் கிடைக்கும். கோடையில் உதகை மலர்க் காட்சியைப் பார்த்துவிட்டு அந்த மகிழ்ச்சியில் வாங்கி வருவதுதான் மிகப் பொல்லாத காலம். முழுவதும் பூத்த செடியைவிட, தளிரும் மொட்டுமாக உள்ள செடியைத் தேர்ந்தெடுங்கள். சிற்றிலை வகைகளைவிட, உள்ளங்கை நீளத்துக்கு நெருங்கும் பெரிய இலை வகைகள் வெப்பத்தை நன்றாகத் தாங்குகின்றன. பல நர்சரிகளில் வகையின் பெயர் தெரியாது. இலையைப் பார்த்து முடிவு செய்யலாம். மலையிலிருந்து கொண்டு வரும்போது மூடிய வண்டியின் பின்பகுதியில் நண்பகல் வெயிலில் விடாமல், மாலையில் மேட்டுப்பாளையம் இறங்குவது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் உடனே தொட்டி மாற்ற வேண்டாம்; பத்து நாட்கள் முழு நிழலில் வைத்துப் பழகவிடுங்கள். பிறகு நடும் நாளில், பையை நீக்கிய வேருருண்டையை ஒரு வாளி மழைநீரில் முழுவதும் அமிழ்த்துங்கள். காற்றுக் குமிழிகள் வருவது நிற்கும் வரை, சில வேளை அரை மணி நேரம்கூட, அதை அப்படியே பிடித்திருக்க வேண்டும். ஒருமுறை முற்றிலும் உலர்ந்த வேருருண்டை, மேலே ஊற்றும் தண்ணீரை உள்ளே விடாமல் பக்கவாட்டில் வழியவிட்டுவிடும். சப்பைத் தண்ணீரோடு சேர்ந்து என் முதல் செடிக்கு நேர்ந்த இன்னொரு கேடு அதுதான். நன்றாக ஊறிய பிறகு, உருண்டையின் புறவேர்களை விரல்களால் மெல்லக் கலைத்துவிடுங்கள். கட்டியாக இறுகியிருந்தால் கத்தியால் மூன்று பக்கங்களில் அரை அங்குல ஆழத்துக்குக் கீறிவிடலாம். கலைக்காமல் நட்டால் வேர் அந்த உருண்டைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நின்றுவிடும்.

வேருருண்டையின் மேல்மட்டம் சுற்றியுள்ள கலவையைவிட ஒரு விரற்கடை உயர்ந்திருக்கும்படி வையுங்கள். தண்டைக் கலவையால் மூடுவதும், நட்டபின் கையால் அழுத்தி மிதிப்பதும் கூடாது. மேலே இரண்டு அங்குல மூடாக்கு இட வேண்டும். பைன் மர ஊசியிலை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சவுக்கு மரத்தின் உதிர்ந்த சருகைப் பயன்படுத்தலாம், அது ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகாமல் காற்றை உள்ளே விடும். மூடாக்கு தண்டைத் தொடாமல் இரண்டு விரல் தள்ளியே இருக்கட்டும்.

நீர் ஊற்றுதல், உரம், வெளுப்பு

நாளுக்கு இத்தனை முறை என்று கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். மூடாக்கை விலக்கி, விரலை முதல் கணு வரை நுழைத்துப் பாருங்கள். ஈரம் விரலில் ஒட்டினால் அன்று வேண்டாம், உலர்வதற்குத் தொடங்கியிருந்தால் காலையில் அடித்துளையில் வடியும் வரை ஊற்றுங்கள். மழைக்காலத்தில் நான்கு நாட்களுக்கு ஒருமுறை போதும்; சித்திரையில் காலையும் மாலையும் தேவைப்படலாம். மாலையில் ஊற்றும்போது இலை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டில் தேங்கும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள்.

ஒரு செய்தியை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நண்பகலில் இலை வாடியிருப்பதைக் கண்டதும் பதறித் தண்ணீர் ஊற்றுவது இயல்பு. ஆனால் கலவை ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால், அது தாகமல்ல, வேரழுகல். அந்த நிலையில் மேலும் ஊற்றும் ஒவ்வொரு குவளையும் நோயை வளர்க்கும். செடியை உருவி வேரைப் பாருங்கள்: நலமான வேர் வெண்மையாகவோ இளம்பழுப்பாகவோ இருக்கும், அழுகிய வேர் கரும்பழுப்பாகி, தொட்டு இழுத்தால் மேல்தோல் உறையைப் போலக் கழன்றுவரும். பாதிக்கு மேல் அப்படி ஆகியிருந்தால் செடியைக் காப்பாற்றுவது அரிது. அந்தக் கலவையை வேறு அசேலியாவுக்குப் பயன்படுத்தாமல் அப்புறப்படுத்துவதே மற்றச் செடிகளுக்குச் செய்யும் நன்மை. நேரத்தோடு கண்டுவிட்டால் அழுகியதை வெட்டி, புதுக் கலவையில், சிறிய தொட்டியில் வைத்து, முழு நிழலில் காக்கலாம்.

உரம் குறைவாக வேண்டும். அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டக்காரர்கள் அசேலியாவுக்குப் பருத்திவிதைப் புண்ணாக்கையே நெடுங்காலமாக விரும்பிப் போடுகிறார்கள். பருத்திக்கொட்டையை அரைத்து மாட்டுக்கு வைக்கும் கொங்கு நாட்டவருக்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. பூத்து முடிந்தபின் ஒருமுறையும், ஆனி, ஆவணி மாதங்களில் தலா ஒருமுறையும், இரண்டு தேக்கரண்டிப் பொடியை மூடாக்குக்கு அடியில் தூவி, கலவையோடு மூடிவிடுங்கள். வெளியே கிடந்தால் எறும்பும் எலியும் வரும். வேகமாகப் பலன் வேண்டுமானால் அம்மோனியம் சல்பேட்டை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து மாதம் ஒருமுறை ஈரமான தொட்டியில் ஊற்றலாம்; அது கலவையைச் சற்று அமிலமாகவும் வைத்திருக்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில் எந்த உரமும் வேண்டாம். அந்த மூன்று மாதங்களும் செடி வளர வேண்டிய காலமல்ல, தாங்கி நிற்க வேண்டிய காலம்.

இவ்வளவு கவனித்தும் தளிர் வெளுத்தால், முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி, படிந்த உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். பிறகு அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட் உப்பை லிட்டருக்கு 2 கிராம் என்ற அளவில், ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலத்துடன், மழைநீரில் கரைத்து, மாலையில் இலைகளின் மேல் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும்; ஏற்கெனவே வெளுத்த முதிர்ந்த இலைகள் முழுவதும் தேறாது. தெளித்த கரைசல் தரையில் சிந்தினால் துருக்கறை படியும். இரும்பு தெளிப்பது வலியைத் தணிக்கும் மருந்துதான். சப்பைத் தண்ணீரை நிறுத்தாதவரை வெளுப்பு திரும்பத் திரும்ப வரும்.

கோடையின் வறண்ட வெப்பத்தில் செஞ்சிலந்திப் பேன்கள் இலையடியில் பெருகும். இலையின் மேற்புறம் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக மங்கும். ஒரு வெள்ளைத்தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினால், நகரும் சிவந்த துகள்கள் தாளில் விழும். காலையில் இலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இரண்டு மூன்று நாட்கள் கழுவினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம்.

பூப்பது பற்றி

இங்கே உண்மையை மறைக்காமல் சொல்வது கடமை. அசேலியாவின் பூமொட்டுகள் ஆடி முதல் புரட்டாசி வரையான காலத்தில் கிளை நுனிகளில் உருவாகி, பிறகு உறங்குகின்றன. அந்த உறக்கம் கலையச் சில வாரங்கள் குளிர்ந்த இரவுகள் வேண்டும். உதகையில் அது தாராளமாகக் கிடைக்கிறது. கோயம்புத்தூரிலோ மார்கழி இரவில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆகவே சமவெளிச் செடி மலைச்செடியைப் போல ஒரே நேரத்தில் போர்வையாகப் பூக்காது. தை, மாசி மாதங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, சில கிளைகளில் கொத்தாகவும், பூக்கும். ஆலாந்துறை, தொண்டாமுத்தூர், ஆனைகட்டி போன்ற மலையடிவார ஊர்களில் இரவு சற்றுக் கூடுதலாகக் குளிர்வதால் நிலைமை மேல். ஈரோடு, கரூர், தாராபுரம் பக்கத்தில் செடியைப் பச்சையாக வைத்திருப்பதே பெரிய வெற்றி. பூவுக்காக மட்டும் வளர்ப்பவர்களுக்கு அந்த ஊர்களில் போகன்வில்லாவும் அடினியமும் மனநிறைவு தரும் என்பது என் கருத்து.

கிடைக்கும் குளிரை முழுவதும் பயன்படுத்த, மார்கழியிலும் தையிலும் தொட்டியைக் கூரைக்கு அடியிலிருந்து நகர்த்தி, இரவில் திறந்த வானம் தெரியும் இடத்தில் வையுங்கள். பூ உதிர்ந்த மூன்று வாரங்களுக்குள் கவாத்தை முடித்துவிட வேண்டும்: காய்ந்த பூக்களை அடிக்காம்போடு கிள்ளிவிட்டு, நீண்ட கிளைகளை மட்டும் குறைத்தால் போதும். ஆடி பிறந்தபிறகு கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். அப்போது வெட்டப்படும் ஒவ்வொரு நுனியும் அடுத்த தையில் மலரவிருந்த ஒரு கொத்து.

ஏற்காடு, வால்பாறை, கொல்லிமலை, கோத்தகிரி போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு இந்தத் தண்ணீர்ப் பாடு இல்லை. அவர்கள் மண்ணைச் சோதித்துவிட்டு, வடிகால் உள்ள சரிவில், இலைமக்குக் கலந்த அகன்ற ஆழமற்ற குழியில் நேரடியாக நடலாம்.

சமவெளியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஐப்பசியில், தொட்டி மாற்றுங்கள். முந்தைய நாளே நன்றாகத் தண்ணீர் விட்டு, தொட்டியைக் கவிழ்த்து விளிம்பைத் தட்டினால் உருண்டை முழுதாகக் கழன்று வரும். அதன் புறப்பக்கத்தில் வெண்ணிற வேர்நுனிகள் நார்க்கழிவைப் பின்னிப் பிடித்திருந்தால், நீங்கள் ஊற்றிய தண்ணீர் சரியான தண்ணீர்தான். வெளிப்புறத்தில் ஒரு விரற்கடை அளவு பழைய கலவையைக் களைந்துவிட்டு, இரண்டு அங்குலம் பெரிய தொட்டியில், புதுக் கலவையில், அதே உயரத்தில் வைத்து, மூடாக்கு இட்டு, பத்து நாட்கள் நிழலில் விடுங்கள்.